கட்டிலுக்குக் கீழே பதினொரு பூசணிக்காய்

செய்தி வந்தபோது நான் அளவெட்டியில் ஒரு தோட்டக் கிணற்றுக்குள் நின்றேன். நீர் இறைக்கும் எஞ்சினின் குழாயைப் பொருத்திக்கொண்டிருந்தேன். தோட்டக்காரர் மேலேயிருந்து எட்டிப் பார்த்தார்.

"தம்பி, கொக்குவிலிலை இருந்து சைக்கிளிலை ஆள் வந்து நிக்குது. உங்கடை மாமி மோசம் போட்டாவாம்."

மாமி இறந்துவிட்டார் என்றதும் நான் கேட்ட முதற் கேள்வி, "மாமா பக்கத்திலை இருந்தவரோ?" என்பதுதான்.

மேலே இரண்டு தலைகள் கூடிக் கதைத்தன. "ஓம். அவர்தான் காலமைத் தேத்தண்ணி ஆத்திக் குடுத்தவராம். குடிச்சிட்டு, சீனி காணாது எண்டு சொல்லிப்போட்டுச் சரிஞ்சவவாம்."

கிணற்றுக்குள் தனியே நின்று ஒரு பெரிய மூச்சு விட்டேன். துக்கத்தில் விட்டதென்று எழுதினால் வாசிப்பவர்களுக்குப் பொருத்தமாக இருக்கும். ஆனால் அது ஆறுதல் மூச்சு. மாமா பக்கத்தில் இருக்க மாமி போவது என்பது சில வருஷங்களுக்கு முன் நடக்கக்கூடிய காரியமாக இருக்கவில்லை. நடக்காது என்று அவரது முகத்துக்கு நேரே சொன்ன ஆள் நான்தான்.

மீதியிருந்த இரண்டு போல்ட்டுகளையும் முறுக்கிவிட்டு மேலே வந்தேன். பாதியில் விட்டு வந்திருந்தால் மாமியே ஏசியிருப்பார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்தவர்கள் கையில் கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்தில் பாட்டுத்தான் போடுவது வழக்கம். புலவர் ஒருவர் மாமியைத் தாமரை என்றும் திருமகள் என்றும் பாடித் தந்துவிட்டார். மாமா அதை வாசித்துப் பார்த்துவிட்டு, "உது ஆரைப் பற்றினது?" என்று கேட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "நீ வசனத்திலை எழுது. நடந்ததை எழுது" என்றார். எனக்கு எஞ்சின் படம் கீறத்தான் தெரியும். ஆகவே நடந்ததை வரிசைப்படி எழுதுகிறேன். மாமியை அறிந்தவர்கள் பிழை இருந்தால் பொறுக்க வேண்டாம், சொல்லலாம்.

சிவக்கொழுந்து மாமி எனக்கு உறவில் தூரத்து மாமி. வேலியால் பக்கத்து மாமி. கொக்குவிலில் ரயில் பாதையை அடுத்த ஒழுங்கையில் எங்கள் வளவு, அதற்கடுத்தது அவருடையது. நடுவேலியில் ஓர் ஆள் குனிந்து நுழையுமளவு வழி. அவரது கணவர் வைத்திலிங்கம் மாமா மலாயாவில் ரயில் கந்தோரில் லிகிதராக இருந்தவர். மூன்று நாலு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வந்து போவார். மாமியும் அங்கே போய் இருந்து பார்த்தார். ஒரு மழைக்காலம் முழுதும் காய்ச்சலில் கிடந்துவிட்டுத் திரும்பி வந்தார். பிள்ளைகள் இல்லை. மாமி உயரமானவர், மெலிந்தவர். குரல் மட்டும் மெலியவில்லை. கிணற்றுத் துலாவின் கிறீச்சலுக்கு மேலாக அது கேட்கும்.

கிணற்றடி வாய்க்கால் முடியுமிடத்தில் வருஷந்தோறும் பூசணி போடுவார். கொடி மாட்டுக்கொட்டில் கூரையில் ஏறி, வேலியில் இறங்கி, எங்கள் பக்கமும் படரும். எங்கள் பக்கம் காய்த்ததையும் தன்னுடையது என்பார்.

"வேர் ஆரின்ரை வளவுக்கை கிடக்கு?" என்று அம்மாவைக் கேட்பார்.

"நிழல் ஆரின்ரை வளவுக்கை விழுகுது?" என்று அம்மா கேட்பார்.

முடிவில் காயை இரண்டாகப் பிளந்து இரண்டு குசினிக்கும் எடுத்துக்கொள்வார்கள்.

பிளப்பதில்தான் ஒரு சங்கதி இருந்தது. முழுப் பூசணிக்காயைப் பெண் பிளக்கக் கூடாது என்பது எங்கள் ஒழுங்கையில் ஒரு கட்டு. வீட்டு ஆண் முதல் வெட்டுப் போடவேண்டும். பிளந்தபின் யார் எப்படி நறுக்கினாலும் குற்றமில்லை. ஏனென்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். முழுக்காய் வீட்டுக்காரனின் ஆயுள் மாதிரி, அவன் உயிரோடு இருக்கப் பெண்சாதி அதில் கத்தி வைத்தால் அவனுக்கு ஆகாது என்பார் மாமி. மாமா கப்பலேறும்போது இந்த முதல் வெட்டை என் ஐயாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். நான் கொழும்பில் எஞ்சின் வேலை படித்து முடித்து வந்த வருஷம் ஐயா காலமானார். ஐயாவின் மணிக்கூடும் சைக்கிளும் மாமியின் பூசணிக்காயும் என் பொறுப்பில் வந்தன.

"தம்பி, ஒருக்கா வந்து வெட்டிப் போட்டுப் போ."

கிழமைக்கு ஒரு தரமாவது வேலிக்கு மேலால் இந்தக் குரல் வரும். கையில் கிறீஸ் இருந்தாலும் போகவேண்டும்.

"மாமி, கத்திக்கு ஆணும் பெண்ணும் தெரியாது. கூரும் பாரமும்தான் தெரியும்" என்பேன்.

"கத்தியைப் பற்றி உன்னட்டை ஆர் கேட்டது? கையைக் கழுவிப்போட்டு வெட்டு."

ஒவ்வொரு வருஷமும் முதற் காயை மட்டும் நான் தொடக்கூடாது. அதைக் குசினிக் கூரை வளையில் உறி கட்டித் தொங்கவிடுவார். அது மாமா வந்து வெட்டுவதற்கு. பூசணிக்காய் அடுத்த கொடி காய்க்கும் வரை கெடாமல் கிடக்கும். புதுக் காய் வந்ததும் பழையதை என்னிடம் தருவார், புதியது உறியில் ஏறும். மாமா லீவில் வரும் வருஷத்தில் அந்தக் காயைத்தான் முதல் வெட்டுவார்.

மாமியின் பூசணிக்காய்க் கறியைப் பற்றி எழுதாமல் மாமியைப் பற்றி எழுத முடியாது. தோல் சீவமாட்டார். "தோலைச் சீவினால் துண்டு நிக்காது, களியாய்ப் போம்" என்பார். அது சரிதான், நானே இரண்டு சட்டியில் வைத்துச் சோதித்தேன். பெருவிரல் தடிப்பில் துண்டு. வெங்காயம், பச்சை மிளகாய், உள்ளி, வெந்தயம், மஞ்சள் போட்டுத் தேங்காயின் கடைப்பாலில் அவிய விடுவார். ஒரு பிடி அரிசியும் தேங்காய்ப்பூவும் கடுகும் சிவக்க வறுத்து, அம்மியில் அரைத்துக் கரைத்து விடுவார். பிறகு முதற்பால், ஒரு கொதி, கறிவேப்பிலை. இறக்கிவிடுவார். இனிப்புக்கென்று ஒன்றும் சேர்க்கமாட்டார்.

"இனிப்பை அது கொண்டுதான் வந்திருக்கு. உறைப்பைத்தான் நாங்கள் குடுக்கவேணும்."

நான் ஐயாவின் மணிக்கூட்டை வைத்துக்கொண்டு, அவிய எத்தனை நிமிஷம் என்று குறித்தேன். நாளுக்கு நாள் வேறு கணக்கு வந்தது.

"காய்க்குக் காய் வித்தியாசம், விசரா. மூக்கு உனக்கு மூஞ்சிக்கு அழகுக்கோ வச்சிருக்கு?" என்றார்.

ஒரு காய் மூன்று நாளைக்கு வரும். முதல் நாள் பால்கறி. இரண்டாம் நாள் கத்தரிக்காயோடு பழப்புளி விட்டுக் குழம்பு. மூன்றாம் நாள் எஞ்சியதைப் பருப்போடு சேர்த்துக் கடைவார். அந்தக் கடையலுக்காக நான் மூன்றாம் நாள்களில், வேலை செய்த சுன்னாகத்திலிருந்து மத்தியானம் சைக்கிளில் வந்திருக்கிறேன். வந்த காரணத்தைச் சொன்னதில்லை. வேலியைத் திருத்த வந்தேன் என்பேன். "எந்தப் பக்கத்து வேலி? என்ரை அடுப்படிப் பக்கமோ?" என்று கேட்டுக்கொண்டே சோற்றுக் கோப்பையை நீட்டுவார்.

மாமாவுக்குக் கடிதம் மாமி தமிழில் எழுதுவார். உறையின் மேல் இங்கிலீஷ் விலாசம் எழுதுவது என் வேலை. எழுதி எழுதி அது எனக்கு மனப்பாடம்.

யப்பான்காரன் மலாயாவைப் பிடித்தான். கடிதம் நின்றது. அரிசியும் ஏறக்குறைய நின்றது. சங்கக்கடையில் கூப்பனுக்கு அளந்து தருவதுதான் அரிசி என்றாயிற்று. மாமி வாய்க்காலை நீட்டிவிட்டு இன்னும் நாலு குழி பூசணி போட்டார். காலமை குரக்கன் பிட்டுக்குப் பூசணிக்காய்க் குழம்பு. மத்தியானம் கோப்பையில் சோறு கரையில் இருக்கும், கறி நடுவில் இருக்கும். பின்னேரம் பனை ஒடியல் மாக் கூழுக்குள்ளும் அதே காய். இளம் இலையை நரம்பு உரித்துத் தேங்காய்ப்பூப் போட்டு வறை வறுப்பார். கறிக்கு அரைக்க வறுத்த அந்த ஒரு பிடி அரிசிக்கு இப்போது வழியில்லை. மாமி பூசணி விதையைக் காயவைத்து உடைத்து, உள்ளிருக்கும் பருப்பை வறுத்து அரைத்தார்.

"அரிசி போட்டதிலும் பாக்க நல்லாய்க் கிடக்கு, மாமி."

"பஞ்சத்தைப் புகழாதை. கேட்டுக்கொண்டு நிக்கும்" என்றார். ஆனால் அரிசி வந்த பிறகும் அவர் விதைப்பருப்பை விடவில்லை.

ஒழுங்கையில் அரைவாசிப் பேர் மாமியின் காயில் உயிர் வாழ்ந்தார்கள். பிளந்து கீறு கீறாகக் கொடுத்தனுப்புவார். எங்கள் உள்ளங்கைகள் மஞ்சள் பிடித்துப் போயின. வைத்தியர் காமாலையோ என்று பார்த்துவிட்டு, "நீங்கள் சிவக்கொழுந்தின்ரை ஒழுங்கை ஆக்களோ?" என்று கேட்டாராம்.

அந்த நாலு வருஷமும் உறியில் காய் மாறிக்கொண்டே இருந்தது. வெட்ட வருபவர்தான் வரவில்லை.

யுத்தம் முடிந்தது. மலாயாக் கடிதங்கள் வரத் தொடங்கின. சில வீடுகளில் சிரிப்புக் கேட்டது, சில வீடுகளில் பறை கேட்டது. மாமி வீட்டில் இரண்டும் இல்லை. மாமி எழுதிய கடிதங்களுக்குப் பதிலும் இல்லை.

ஆறு மாதம் கழிந்து ஒரு மத்தியானம் மாமாவின் தமையனார் வந்தார். அவரைப் பெரிய மாமா என்போம். நான் அப்போது காய் வெட்டப் போய்க் குசினியில் நின்றேன். பெரிய மாமா பலகையில் உட்கார்ந்து, கோப்பையைத் தொடாமல் கதைத்தார்.

"பிள்ளை, மலாயாவாலை வந்த ஒருத்தரைக் கண்டனான். தம்பியைச் சயாம் பக்கம் ரயில் பாதை போடக் கொண்டு போனதாம். அங்கை போனவங்கள் திரும்பேல்லையாம். தர்ப்பையிலை உருவம் செய்து கிரியையை முடிப்பம். ஆத்துமா அலையக் கூடாது."

"கறி இன்னும் கொஞ்சம் போடட்டோ, அத்தான்?"

"நான் என்ன கதைக்கிறன், நீ என்ன கதைக்கிறாய்?"

மாமி அகப்பையைச் சட்டியில் வைத்தார். "வந்தவர் கண்ணாலை கண்டவரோ?"

"இல்லை. கேள்விப்பட்டவர்."

"கேள்விப்பட்டதுக்கு நான் கிரியை செய்ய ஏலாது. உதிலை தொங்குது பாருங்கோ. அதை வெட்ட ஆள் வரவேணும். வந்து வெட்டட்டும். பேந்து எந்தக் கிரியையைப் பற்றியும் கதைப்பம். சோறு ஆறுது."

பெரிய மாமா உறியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து சாப்பிட்டார். கறி இரண்டாம் முறையும் வாங்கினார். ஆனால் போகும்போது ஒழுங்கை முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

அடுத்த கிழமை சுன்னாகத்தில் ஓர் எஞ்சின் என்னைப் பாடாய்ப் படுத்தியது. வெங்காயத் தோட்டம் தண்ணீரில்லாமல் காய்ந்துகொண்டிருந்தது. நான் சைக்கிளில் ஏறும் நேரம் பார்த்து வேலிக்கு மேலால் குரல் வந்தது.

"தம்பி, ஒருக்கா வந்து வெட்டிப் போட்டுப் போ."

"நீங்களே வெட்டுங்கோ, மாமி."

"அவருக்கு ஆகாதெல்லோ."

"ஆகிறதுக்கும் ஆகாததுக்கும் ஆள் இருக்கவேணும். மாமா செத்துப்போனார். இனி வரமாட்டார். ஒழுங்கை முழுக்கத் தெரியும், உங்களுக்கு மட்டும்தான் தெரியாது."

எழுதிவிட்டேன். இதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

மாமி ஏசவில்லை. கையிலிருந்த கத்தியைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். "சரி தம்பி. உனக்கு நேரம் போகுது, போ" என்றார்.

எஞ்சினின் குறையை அன்று பின்னேரமே கண்டுபிடித்துவிட்டேன். வால்வு ஒன்று தேய்ந்திருந்தது. நான் செய்த குறையைக் கண்டுபிடிக்க மூன்று கிழமை எடுத்தது. அதுவும் நான் கண்டுபிடிக்கவில்லை, அம்மாதான்.

"சிவக்கொழுந்தின்ரை அடுப்பிலை பூசணிக்காய் மணத்து எத்தினை நாள்? கேட்டால் வாய்வு எண்டுறா. கொடி நிறையக் காய் கிடக்கு, மனுசி முருங்கையிலையைச் சுண்டித் தின்னுது. நீ வெட்டிக் குடுக்கிறேல்லையோ?"

"கூப்பிடேல்லை" என்றேன்.

"ஏன் கூப்பிடேல்லை?"

அன்றுதான் இருந்து யோசித்தேன். தானே வெட்டினால் மாமா இல்லை என்று மாமி ஒப்புக்கொண்டதாகும். வேறு ஆணைக் கூப்பிட்டால், பக்கத்து வீட்டுத் தம்பி இருக்க நான் ஏன் என்று கேட்பார்கள். நான் சொன்னதைச் சொல்லவேண்டி வரும். முழுக்காயாக யாருக்கும் கொடுத்தாலும் அதே கேள்விதான். ஆகவே பறித்துப் பறித்துக் கட்டிலுக்குக் கீழே உருட்டிவிட்டு, முருங்கையிலை தின்றார். என் வாயால் வந்ததை ஒருவரிடமும் சொல்லவில்லை. என் தாயிடம்கூடச் சொல்லவில்லை.

அடுத்த நாள் நானே கத்தியோடு வேலியால் நுழைந்தேன்.

"மாமி, வெட்டவோ?"

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "நீ மாமாவுக்குப் பதிலாய் வெட்டிறனி. ஆள் செத்துப்போச்சு எண்டு நினைச்சுக்கொண்டு வெட்டினால் அது என்ன வெட்டு, தம்பி?"

கோபமில்லாமல்தான் கேட்டார். அவர் சொன்னதில் பிழை பிடிக்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்டுத் திருத்தக்கூடிய விஷயமாக அது இருக்கவில்லை. நான் நம்பவேண்டும். எனக்கோ ஆதாரம் இல்லாமல் நம்பத் தெரியாது.

எஞ்சின் பழுதாகிக் காரணம் தெரியாவிட்டால், செய்தவனுக்கு எழுதிக் கேட்பது எங்கள் தொழிலில் வழக்கம். அன்றிரவே மாமா வேலை செய்த ரயில் பகுதியின் தலைமைக் கந்தோருக்கு எழுதினேன். மாமாவின் பெயர், கந்தோர், கடைசிக் கடிதம் எந்த ஊரிலிருந்து வந்தது, ஆள் உயரம், இடது காதடியில் மறு, எல்லாம் எழுதினேன். யுத்தம் முடிந்து ஆறு மாதமாகியும் இந்தக் கடிதத்தை ஒருவரும் எழுதவில்லை. எல்லாரும் வந்தவர்களிடம் விசாரித்துக்கொண்டிருந்தோம். உறைக்கு மேல் இங்கிலீஷ் எழுதத் தெரிந்த நான், உறைக்குள் எழுத யோசிக்கவில்லை. பதில் வரவில்லை. இரண்டாவது கடிதம் எழுதினேன். மூன்றாவதும் எழுதினேன்.

பதில் வந்த காலமை தபால்காரரிடமிருந்து ஒழுங்கையிலேயே பறித்து உடைத்தேன். நின்ற நிலையில் இரண்டு தரம் வாசித்தேன். வேலியில் வழி இருப்பதை மறந்து, கிடுகைப் பிய்த்துக்கொண்டு போனேன். மாமி திருவலையில் உட்கார்ந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தார்.

"மாமி, மலாயாக் கந்தோராலை கடிதம்."

திருவல் நிற்கவில்லை. "அவரின்ரை கையெழுத்தோ?"

"இல்லை. கந்தோரிலை அடிச்சது."

"ஆள் இருக்கிறார் எண்டு போட்டிருக்கோ?"

"ஓம். காயப்பட்டு ஆஸ்பத்திரியிலை இருந்து, இப்ப சுகமாம். வீட்டுக்கு எழுதச் சொல்லியிருக்கினமாம்."

மாமி அந்தப் பாதித் தேங்காயைக் கடைசிவரை திருவி முடித்தார். சிரட்டையைத் தட்டினார். எழுந்தார். கண்ணைப் புறங்கையால் ஒருமுறை துடைத்துக்கொண்டு, "இப்ப நம்பிறியோ?" என்றார்.

"நம்பிறன்."

"அப்ப கத்தியை எடு. கட்டிலுக்குக் கீழை பதினொண்டு கிடக்கு."

பதினொன்றையும் வெட்டினேன். ஒன்றுதான் அழுகியிருந்தது. அன்று ஒழுங்கையில் பூசணிக்காய் வேகாத அடுப்பு இல்லை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் பெரிய சட்டி ஒன்றில் மாமியே சமைத்தார். உறைப்பு அளவுக்கு மிஞ்சிப் போயிருந்தது. அம்மா கண்ணீரோடு சாப்பிட்டுவிட்டு, மிளகாய்த்தூளில் பழியைப் போட்டார்.

நான் மட்டும் தயங்கித் தயங்கி, "மாமி, அண்டைக்கு நான் சொன்னது..." என்று தொடங்கினேன்.

"என்ரை கிடுகைப் பிச்சுப்போட்டாய். அதுக்கு ஒரு வழியைப் பார்" என்றார். அதன்பின் அந்த நாளைப் பற்றி அவர் வாய் திறந்ததேயில்லை.

பிறகு இடதுகையால் எழுதிய ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு மாமா வந்தார். கொக்குவில் ஸ்டேஷனுக்கு நான் போனேன். மாமி வரவில்லை, சமையல் இருந்தது. மாமா வலது கையைச் சால்வைக்குள் வைத்திருந்தார். வெளியே எடுத்தபோது பெருவிரல் மட்டும்தான் மிச்சம். பாதை போடும் இடத்தில் தண்டவாளம் விழுந்து நசித்ததாம்.

வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, குசினி வாசலில் நின்று உறியைப் பார்த்தார்.

"இஞ்சரும், உது எனக்கோ?"

"வேறை ஆருக்கு? வெட்டுங்கோ."

மாமா கத்தியை எடுத்தார். பிடி நிற்கவில்லை. இடதுகைக்கு மாற்றினார். முழுக்காயைப் பிளக்கும் பலம் அந்தக் கையில் இல்லை. கத்தி தோலில் வழுக்கியது. நான் பொறுக்கமாட்டாமல் கையை நீட்டினேன். மாமி என்னைப் பார்த்த பார்வையில் கை தானாக இறங்கியது.

"அவசரமில்லை. தொங்கட்டும்" என்றார் மாமி. அன்று கத்தரிக்காய்தான்.

சாப்பிட்டுக்கொண்டே மாமா சொன்னார்: "உதுக்குத்தான் நான் எழுதேல்லை. முடமாய் வந்து என்ன செய்யிறது எண்டு கிடந்திட்டன். ஆரையும் கொண்டு எழுதுவிக்கவும் வெட்கமாய்க் கிடந்தது."

"வெட்கப்படுறதுக்கு நல்ல காலம் பாத்தியள்" என்றார் மாமி. "உங்களுக்கு உருவம் செய்யத் தர்ப்பை புடுங்கிப்போட்டினம், தெரியுமோ?"

மாமா சிரித்தார். மாமியும் சிரித்தார். நான் அன்று பின்னேரமே படம் கீறத் தொடங்கினேன்.

பாக்குவெட்டியைப் பெருப்பித்தால் என்ன என்பதுதான் யோசனை. பழைய லொறி வில்லுத் தகட்டைச் சுன்னாகத்துக் கொல்லரிடம் கொடுத்துத் தட்டிக் கூராக்கினேன். பலாப்பலகையில் ஒரு முனையைச் சுழலும்படி பூட்டினேன். மறுமுனைக்கு நீண்ட பிடி. பிடியின் மேல் முழங்கைக்குக் கீழ்ப்புறம் பொருந்தும்படி ஒரு வளைவு, சைக்கிள் டியூப் சுற்றியது. விரல் தேவையில்லை, கைப்பாரம் போதும். முதற் சோதனையில் காய் உருண்டு போய் நாயின் மேல் விழுந்தது. பூசணிக்காய் உருண்டை என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

"உதுக்குத்தான் கொழும்பிலை ரெண்டு வருஷம் படிச்சனியோ?" என்று மாமி கேட்டார்.

பலகையில் கிண்ணம் போலக் குழி தோண்டினேன். மாமா அந்தக் காயை உறியிலிருந்து இடதுகையால் இறக்கிக் குழியில் வைத்தார். வளைவில் கையை வைத்து உடம்பைச் சாய்த்தார். சடக்கென்று பிளந்தது. மாமி ஒரு பாதியை எடுத்து மூக்கருகே வைத்து மணந்து பார்த்தார். "வெள்ளன அடுப்பை மூட்டியிருக்கலாம்" என்றார்.

அதற்குப் பிறகு வேலிக்கு மேலால் என்னைக் கூப்பிடும் குரல் நின்றது. கறி மட்டும் வந்துகொண்டிருந்தது. மூன்று வருஷம் அந்த வீட்டில் மாமா வெட்டினார், மாமி சமைத்தார். மாமா மெல்லத்தான் வெட்டுவார். மாமி பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம் இஞ்சாலை, இஞ்சாலை" என்று ரயிலைப் பின்னுக்கு எடுப்பவர் போலக் காயை இந்தப் பக்கம் திருப்பச் சொல்லுவார்.

இந்த வருஷம் மாமிக்கு நெஞ்சு வருத்தம் வந்தது. படுக்கையிலிருந்து ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"என்ரை எட்டாம் நாள் படையலுக்குப் பூசணிக்காய் போடுவியள்தானே?"

"உதென்ன கதை, மாமி?"

"கேள். மாமா வெட்டட்டும். அவர் மெல்லத்தான் வெட்டுவார். நீ பறிச்சு வெட்டிப்போடாதை. பொறு."

"உதை ஏன் இப்பவே சொல்லுறியள்?"

"இப்பவே சொன்னால்தான் அதுக்கிடையிலை பழகுவாய்."

பொட்டோடு போகவேண்டும் என்பது மாமியின் ஆசை. எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. அவருக்கு இருந்தது, கிடைத்தது. நான் அவரிடம் சொன்ன வார்த்தை பொய்யாய்ப் போயிற்று. என் வாழ்க்கையில் நான் பிழைவிட்டதில் எனக்கு இத்தனை நிம்மதி வேறொன்றிலும் வந்ததில்லை.

எட்டாம் நாள் படையலுக்குக் குசினி முற்றத்தில் ஆண்கள் கூடிச் சமைத்தார்கள். மாமா உறியிலிருந்து இந்த வருஷத்து முதற் காயை இறக்கினார். குழியில் வைத்தார். கையைச் சாய்த்தார். தகடு தோலில் வழுக்கியது. "இன்னும் கொஞ்சம் இஞ்சாலை" என்று சொல்ல ஆள் இல்லை. மாமா காயைத் திருப்பினார். மறுபடி வழுக்கியது.

"நேரம் போகுது. தம்பி, நீ ஒருக்கா வெட்டிவிடன்" என்றார் பெரிய மாமா.

நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"அவர் வெட்டட்டும்" என்றேன்.

மாமா மூன்றாம் முறை காயைத் திருப்பினார். தானே மெதுவாக, "இஞ்சாலை" என்றார். சாய்ந்தார். சடக்கென்றது. இரண்டு பாதியும் பலகையில் விரிந்து கிடந்தன. மாமா இடதுகையால் விதையை வழித்து, அரைக்க வேண்டியதை ஒரு பக்கமும் நட வேண்டியதை ஒரு பக்கமுமாகப் பிரித்து வைத்தார்.

கறியில் உறைப்பு ஒரு மாற்றுக் குறைவு. அதை, மாமி, நீங்கள் பார்க்காதது நல்லது. மற்றதெல்லாம் சரியாக நடந்தது. நான் பொறுத்து நின்றேன், மாமி. போயிட்டு வாங்கோ.